படிவத்தில் இல்லாத கட்டம்

மட்டாஞ்சேரி, கொச்சி
4 பிப்ரவரி 2024

மாரிச்செல்வம் அவர்களுக்கு,

செல்லப்பா மகள் சங்கரி எழுதுவது. பெயரைப் பார்த்ததும் கடிதத்தை அடுப்பில் போடத் தோன்றினால் போடலாம். படித்துவிட்டுப் போடுங்கள், அது போதும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவதுவரை நான் படித்தது மலையாள மீடியம். தமிழ் எழுதக் கற்றது அப்பாவின் கடைக்கு வரும் நாளிதழைப் பார்த்துத்தான்.

போனில் பேசியிருக்கலாம். மூன்று முறை அழைத்தேன், லைன் கிடைக்கவில்லை. நாலாவது முறை மணி அடித்தது. எடுத்துவிடுவீர்களோ என்று பயந்து நானே வெட்டிவிட்டேன். அதுதான் கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்தது பாதிதான். நிச்சயதார்த்தத்துக்கு ஐந்து நாள் இருந்தது. போன வருஷம் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளைக்குச் சர்க்கரை இருந்ததை மறைத்துக் கல்யாணம் செய்துவிட்டார்கள் என்று இசக்கிதுரை மாமாவுக்கு ஒரு கசப்பு. "மாப்ளைக்கு ரத்தம் பாத்துட்டுத்தான் தட்டு மாத்தணும்" என்று அவர் பிடிவாதம் பிடித்தார். லடாக்கிலிருந்து வந்து இரண்டே நாள் ஆன நீங்கள் சிரித்துக்கொண்டே லேபுக்கு வந்து இடது கையை நீட்டினீர்கள். "நீயே குத்துவியா?" என்று கேட்டீர்கள். ஏழு வருஷமாக ஊசி பிடிக்கும் நான் அன்றைக்குத்தான் ஒரே ட்யூபில் பெயரை இரண்டு தடவை எழுதினேன்.

மாலையில் ட்யூபை மிஷினில் வைத்தேன். ஹீமோகுளோபின் 19.8 என்று வந்தது, பக்கத்தில் சிவப்பில் 'அதிகம்' என்று குறியும் விழுந்தது. எங்கள் தாளில் ஆண்களுக்குப் பதிமூன்றிலிருந்து பதினேழுவரைதான் நார்மல். மறுபடி வைத்தேன், அதே எண். லேபை நடத்தும் ரமேஷ்பாபு சார் அன்றைக்கு லீவு. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "அவங்களுக்கு ரத்தம் ரொம்பக் கூடுதலா காட்டுதும்மா, பேடியா இருக்கு" என்று பயத்தில் மலையாளமும் கலந்து சொல்லிவிட்டேன். சாப்பிட வந்த மாமாவிடம் அம்மா சொன்னாள். மாமா மோர் ஊற்றிக்கொள்ளும் முன்பே எழுந்து தென்காசியில் உங்கள் சொந்தத்துக்குப் போன் போட்டார். மறுநாள் உங்கள் அம்மாவின் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது ரத்தப் புற்றாக மாறியிருந்தது, நிச்சயமும் நின்றுபோயிற்று.

அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. ஆனால் குழாயைத் திறந்துவிட்டவள் நான்தான். ரிப்போர்ட் நோயாளிக்கு மட்டுமே சொந்தம் என்று எங்கள் லேப் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. அதை எழுதி மாட்டியதும் நான்தான்.

நீங்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "ரிப்போர்ட்ல ஒரு காப்பி மட்டும் குடு" என்றீர்கள். நாலு நாள் கழித்து சார் வந்தார், எண்ணைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "இயாளு எவிடெயா தாமசம்?" எங்கே குடியிருக்கிறவர் என்று. லடாக் என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். உயரத்தில் காற்று மெலிசு, கிடைக்கிற கொஞ்சக் காற்றையும் உடம்பெங்கும் கொண்டுபோய்ச் சேர்க்க ரத்தம் தன்னைக் கூட்டிக்கொள்ளும், அங்கே இருப்பவரைக் கடற்கரைக்காரரின் அளவால் அளக்கக்கூடாது என்றார். இதை நான் இரண்டாம் வருஷத்தில் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன்.

எங்கள் படிவத்தில் பெயர் கேட்கிறோம், வயது கேட்கிறோம், ஆணா பெண்ணா என்று கேட்கிறோம். எங்கே வாழ்கிறீர்கள் என்று கேட்பதில்லை. படிவம் கேட்காவிட்டால் என்ன, நான் கேட்டிருக்கலாம். கேட்கக்கூட வேண்டாம், எனக்கே தெரியும். எங்கள் வீட்டுக்கு வரப்போகிறவர் பதினான்காயிரம் அடி உயரத்தில் வேலை பார்க்கிறார் என்று தெருவெல்லாம் பெருமையடித்தவள் நான். மிஷின் முன்னால் உட்கார்ந்ததும் அது மட்டும் மறந்துபோயிற்று.

நிச்சயத்தை மறுபடி பேசுவதற்காக எழுதவில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

சங்கரி


ஹான்லே அருகில், லடாக்
25 பிப்ரவரி 2024

சங்கரிக்கு,

உன் கடிதம் வர பதினேழு நாள் ஆயிற்று. அடுப்பில் போடவில்லை. இங்கே அடுப்புக்கு யாக் மாட்டுச் சாணம் நிறைய இருக்கிறது.

சிவப்புக் குறி விழுந்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. மிஷின் காட்டியதை நீ பார்த்தாய், பயந்தாய். என் கோபம் வேறு. என் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு முன்னால் உன் மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் சோலார் மெக்கானிக். ஒரு வீட்டில் பேட்டரி செத்துப்போயிருந்தால் அந்த வீட்டுக்காரரிடம்தான் முதலில் சொல்வேன். பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லமாட்டேன். நீ லேபிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "ஒரு எண் கூடுதலா வருது, வாங்க" என்று சொல்லியிருந்தால் நான் ஓடி வந்திருப்பேன். தென்காசியில் இருந்த பத்து நாளும் அம்மா என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் பெரியம்மா விபூதி கொண்டுவந்து பூசிவிட்டுப் போனாள். முப்பத்தொரு வயசு ஆளுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

எழுதிவிட்டேன், பாரம் குறைந்தது. இனி இதைத் திரும்ப எழுதமாட்டேன்.

நீ கொடுத்த காப்பியை இங்கே நர்ஸிடம் காட்டினேன். பத்மா ஆங்மோ என்று பெயர். கிராமத்து ஆரோக்கிய நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் சோலார் ஃபிரிட்ஜை நான்தான் பராமரிக்கிறேன், அந்தப் பழக்கம். சிவப்புக் குறியைப் பார்த்துவிட்டு, "இந்த எல்லையை எழுதியவர் எந்த ஊர்க்காரர்?" என்று கேட்டார். கடற்கரை என்றேன். "அப்படியானால் அவர் ஊருக்கு அது சரி" என்று தாளை மடித்துக் கொடுத்துவிட்டார்.

அந்த அம்மாளைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும், உன் தொழில் என்பதால். விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்க்கும் ஒரு கையடக்க மீட்டர் வைத்திருக்கிறார். குளிரில் அது வேலை செய்யாது, அதனால் அங்கிக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடக்கிறார். விரல் நுனி வெட்டிய கையுறை. ஆடு மேய்ப்பவர்களின் கூடாரங்கள் இதைவிட உயரத்தில் இருக்கின்றன, அங்கேயும் போகிறார். போனால் நோயாளியை மட்டும் பார்ப்பதில்லை, நோயாளியைக் கூட்டிவந்த ஆளையும் உட்காரவைத்துக் குத்துகிறார். ஏன் என்று கேட்டேன். "நன்றாக இருப்பவர் எப்படி இருப்பார் என்று தெரியாமல், இவர் நன்றாக இல்லை என்று நான் எப்படிச் சொல்வது?" என்றார். ஒன்பது வருஷமாக ஒரு பேரேட்டில் எழுதி வருகிறார். யாரும் கேட்கவில்லை, யாரும் சம்பளம் கூட்டிக் கொடுக்கவில்லை.

என் உடம்பு நன்றாக இருக்கிறது.

மாரிச்செல்வம்


மட்டாஞ்சேரி
17 மார்ச் 2024

மாரிச்செல்வம் அவர்களுக்கு,

உங்கள் கோபத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு வார்த்தையும் சரி. பேட்டரி விஷயத்தை ரமேஷ்பாபு சாரிடம் சொன்னேன், அவர் அதை மலையாளத்தில் எழுதிப் பலகைக்குக் கீழே ஒட்டச் சொன்னார். ஒட்டியிருக்கிறேன். யார் சொன்னது என்று எழுதவில்லை.

நோயாளியின் கூட வந்தவரைக் குத்துகிற நர்ஸ். அந்த இடத்தைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? பரிசோதனை மருந்துப் பெட்டியோடு வரும் துண்டுத்தாளில் நார்மல் அளவு அச்சடித்திருக்கும். அதைப் பார்த்து அப்படியே எங்கள் தாளில் காப்பியடிப்போம். அது யாருடைய ரத்தம், எந்த ஊரில் எடுத்தது, ஒரு நாளும் கேட்டதில்லை. முறைப்படி பார்த்தால் ஒரு ஊருக்கு அளவு எழுத அந்த ஊரின் ஆரோக்கியமான ஆட்கள் நூற்றிருபது பேரின் ரத்தமாவது வேண்டும். இந்தக் கணக்கு ஆங்மோ அம்மாவுக்கு யாராவது சொன்னார்களா, தானே கண்டுபிடித்தாரா? அவரிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் உயரத்துக்கு ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. சார் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்தார். உங்கள் உயரத்துக்கு ஹீமோகுளோபினில் ஏறத்தாழ மூன்றைக் கழித்துவிட்டுப் பார்க்கவேண்டும். பத்தொன்பது எட்டில் மூன்று போனால் பதினாறு எட்டு. சிவப்புக் குறியே கிடையாது. எனக்கு அந்த நிமிஷம் தரையில் கால் பாவவில்லை. எங்கள் லேப் வாசல் கடல்மட்டத்திலிருந்து ஒரு முழம்கூட இருக்காது, கடல் பொங்கும் வேலியேற்ற நாளில் உப்புத் தண்ணீர் படியேறி வந்து ரிப்போர்ட் கேட்கும். அங்கே உட்கார்ந்துகொண்டு உங்கள் மலையை அளந்திருக்கிறேன் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவை உட்காரவைத்து, உங்கள் அனுமதி இல்லாமல் வெளியே போன அந்த எண்ணை மட்டும் வைத்து விளக்கினேன். புதிதாக எதையும் சொல்லவில்லை. கொச்சி பிராட்வே சந்தையில் இருபத்தெட்டு வருஷம் வெங்காயம் விற்றவர், லேசில் விடுவாரா?

"ஏட்டி, ஊரு மாறுனா கணக்கு மாறும்னா, எந்தக் கணக்குதான் நெசம்?"

"மாமா, அங்க தண்ணி எம்பத்தாறு டிகிரியிலயே கொதிச்சிரும். நூறு டிகிரி வரலைன்னு சாயாவுக்குச் சீக்குன்னு சொல்வீங்களா?"

மாமா தன் சாயாவை ஒரு வாய் உறிஞ்சினார். "அப்ப அங்க சாயா நல்லாவே இருக்காதே" என்றார். அப்புறம் எழுந்து போகும்போது, "ஆவணியில கல்யாணத்தப் பாப்பம். மாயம்மா, தென்காசிக்கு நானே பேசுதேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். உங்களுக்கு விருப்பம் உண்டா என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். அவசரமில்லை.

சங்கரி


ஹான்லே அருகில்
14 ஏப்ரல் 2024

சங்கரிக்கு,

இங்கே சித்திரை ஒன்றுக்குப் பனி பெய்கிறது. பாயசம் வைக்கப்போய்ப் பருப்பு வேகவில்லை. உன் மாமா சாயாவைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை.

ஆங்மோ அம்மாவிடம் இருப்பது நானூற்றுப் பன்னிரண்டு பேர். நூற்றிருபது கணக்கைச் சொன்னேன். "நூற்றிருபதில் நிறுத்தலாமா? எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்றார். பேரேட்டை எனக்குக் காட்டினார். பெயர் எழுதிய பத்தியின்மேல் ஒரு அட்டையை வைத்து மறைத்துக்கொண்டுதான் காட்டினார். நான் எண்களை மட்டும் பார்த்து எழுதினேன். அந்த அட்டையைப் பார்த்தபோது மட்டாஞ்சேரி ஞாபகம் வந்தது. திரும்ப எழுதமாட்டேன் என்று சொன்னதை மீறிவிட்டேன், மன்னித்துக்கொள்.

தாள்கள் இத்துடன் இருக்கின்றன. ஊர் ஆண்கள் பெரும்பாலும் பதினைந்துக்கும் பதினேழரைக்கும் நடுவில். பெண்கள் பதிமூன்றரைக்கும் பதினாறுக்கும் நடுவில். வெளியூரிலிருந்து வந்து ரோடு போடுகிறவர்கள், டிரைவர்கள், என்னைப் போன்றவர்கள், நாங்கள் பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

உன் அட்டவணையைச் சொன்னேன். அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "என் அண்ணனுக்குப் பதினைந்தரை. மூன்று போனால் பன்னிரண்டரை. அப்படியானால் அவனுக்கு ரத்தசோகையா? அவன் காலையில் ஆட்டை ஓட்டிக்கொண்டு பதினாறாயிரம் அடி ஏறுகிறான், மத்தியானம் இறங்கி வந்து சுவர் கட்டுகிறான்" என்றார். இவர்கள் ஆயிரக்கணக்கான வருஷமாக இங்கே இருக்கிறார்கள். ரத்தத்தைக் கெட்டியாக்காமலே கொஞ்சக் காற்றில் வாழ இவர்கள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. நேற்று வந்த எங்கள் உடம்புக்கு அது தெரியவில்லை, பதறிப்போய் ரத்தத்தை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரே ஊர், ஒரே உயரம், ஆனால் எனக்கும் அவர் அண்ணனுக்கும் ஒரே அளவு இல்லை. உன் அட்டவணையைத் தப்பென்று சொல்லவில்லை, இவர்களைக் கேட்டு எழுதவில்லை என்று சொல்கிறார்.

என்னுடைய எண்களையும் தேதியோடு அனுப்பச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. வந்த மாதம், 2021 ஜூனில் 15.1. அந்த டிசம்பரில் 17.3. அடுத்த ஆகஸ்டில் 18.4. போன மே மாதம் 19.1. உன் லேபில் 19.8. போன வாரம் 20.5.

இன்னொன்றும் கேட்டார். "உன் ஊரில் ரத்தம் பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு?" தெரியாது என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதை நான் கேட்கவே இல்லை.

ஆவணி பற்றிக் கேட்டிருந்தாய். விருப்பம் உண்டு. ஜனவரியிலும் இருந்தது.

மாரிச்செல்வம்


மட்டாஞ்சேரி
6 மே 2024

மாரிச்செல்வம் அவர்களுக்கு,

உங்கள் கடைசி வரியை எடுத்து வைத்துக்கொண்டேன். அதற்கு இப்போது பதில் எழுதமுடியவில்லை. முதலில் இதைப் படியுங்கள்.

ஆங்மோ அம்மா எதற்காக உங்கள் எண்களை அனுப்பச் சொன்னார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கட்டம் போட்ட தாளில் ஆறு புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். மேலே போனதும் ரத்தம் கூடுவது இயல்பு. ஆனால் கூடிவிட்டுச் சில மாதத்தில் ஒரு இடத்தில் நிற்கவேண்டும். உங்கள் கோடு நிற்கவில்லை. மூன்று வருஷமாக ஏறிக்கொண்டே இருக்கிறது. இருபத்தொன்றைத் தொட்டால் டாக்டர்கள் அதை மலைநோய் என்பார்கள். ரத்தம் கூழாகிவிட்டால் இதயம் தள்ள முடியாது.

என் முதல் ரிப்போர்ட் தப்பு. மாமாவிடம் மூன்றைக் கழித்து எல்லாம் சரி என்று நான் காட்டிய கணக்கும் முழுச் சரி இல்லை. முதல் தடவை பயந்து தப்புச் செய்தேன், இரண்டாம் தடவை ஆசைப்பட்டு. உங்களை ஒரு அட்டவணையோடு ஒப்பிட்டேன், ஆங்மோ அம்மா உங்களை உங்களோடு ஒப்பிட்டார். நானூறு பேரைப் பார்த்த கண் அது. நான் ஏழு வருஷத்தில் ஐம்பதாயிரம் ட்யூபைப் பார்த்திருப்பேன், ஒருவரைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் இல்லை. சாரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கும், அவரும் பெயர் கேட்கவில்லை. உங்களிடம்தான் கேட்கிறேன். காலையில் எழுந்ததும் தலைவலி உண்டா? காதில் இரைச்சல்? தூக்கத்தில் மூச்சுமுட்டி விழிக்கிறீர்களா? கண்ணாடியில் உதடு நீலமாகத் தெரிகிறதா? அன்றைக்கு நான் ஊசி எடுத்ததும் நீங்கள் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டு பால் விடாத கட்டன்சாயா கேட்டீர்கள். பிரயாண அலுப்பு என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்தும் அலுப்பா?

உண்மையை எழுதுங்கள். ஆவணி தள்ளிப் போனாலும், போய்விட்டாலும் பரவாயில்லை. உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் யாருக்கு இந்தக் கோணல் எழுத்தில் எழுதுவேன்?

ஆங்மோ அம்மாவின் இன்னொரு கேள்விக்கும் பதில் இருக்கிறது. நானே என் கையில் குத்திப் பார்த்தேன். 10.4. பெண்களுக்குப் பன்னிரண்டு வேண்டும், எங்கள் தாளிலேயே அப்படித்தான் இருக்கிறது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை இத்தனை நாள் வெயில் என்று நினைத்திருந்தேன். என் ரிப்போர்ட், எனக்குச் சொந்தம், அதனால் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். மாமா நிமிரவே இல்லை. "பொம்பளப் பிள்ளையளுக்கு அப்படித்தான் இருக்கும், அது நார்மலு" என்றார். அம்மா, "எனக்கு ஒம்பதுன்னாவ. நான் நடமாடலியா?" என்றாள்.

உங்கள் பத்தொன்பதுக்குத் தென்காசிவரை போன் போட்டவர், என் பத்துக்கு மோர் ஊற்றிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணைக் குத்தினாலும் ஒன்பது, பத்து. எல்லோருக்கும் அப்படி இருப்பதால் அது சரியாகிவிடுமா? அங்கே ஊர்க்காரர்களுக்கு அட்டவணைப்படி எண் குறைவு, ஆனால் ஆட்டை ஓட்டுகிறார்கள், சுவர் கட்டுகிறார்கள். இங்கேயும் எண் குறைவு, படியேறினால் உட்கார்ந்துவிடுகிறோம், அதற்கு நார்மல் என்று பெயர்.

என் ரிப்போர்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் ரத்தம் பார்த்து நிச்சயத்தை நிறுத்தினோம். என் ரத்தம் பார்த்து வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கும் உரிமை உண்டு.

சங்கரி


லே, லடாக்
3 ஜூன் 2024

சங்கரிக்கு,

முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். இறங்கிவிட்டேன்.

'என் உடம்பு நன்றாக இருக்கிறது' என்று பிப்ரவரியில் எழுதியது பொய். போன குளிர்காலத்திலிருந்தே தலைவலி. தினம் காலையில் மாத்திரை. நீ கேட்ட எல்லாவற்றுக்கும் ஆமாம்தான், உதட்டு நீலம் உட்பட. இங்கே குளிருக்கு எல்லோருக்கும் உதடு கறுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்மேல் கோபப்பட்டேனே, என் ரத்தத்தைப் பற்றி எனக்கு முதலில் சொல்லவில்லை என்று. எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். இறக்கிவிடுவார்கள் என்ற பயம். குளிர்காலத்தில் கிராமம் முழுக்க இருட்டிக் கிடக்கும்போது ஆரோக்கிய நிலையத்தில் மட்டும் நான் பூட்டிய பேனலில் விளக்கு எரியும். கொச்சி களமசேரி ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிய ஒருவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

உன் கடிதத்தை ஆங்மோ அம்மாவுக்கு இந்தியில் வாசித்துக் காட்டினேன். உன் எண்ணை வாசிக்கும் இடம் வந்ததும் நிறுத்தி, அது உன்னுடையது, உன்னைக் கேட்காமல் சொல்லமாட்டேன் என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு என் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினார். எழுபத்தொன்பது. தன் விரலில் மாட்டிக் காட்டினார், எண்பத்தொன்பது. "ஒரு மாதமாக உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீ கேட்கவில்லை. ஐயாயிரம் கிலோமீட்டர் தூரத்திலிருந்து அவள் சொன்னால் கேட்கிறாய்" என்றார். தூரத்தை அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை தபால் வண்டியில் என்னை ஏற்றிவிட்டார்.

லே ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். இனி அவ்வளவு உயரத்தில் தங்கவேண்டாம், இரண்டு மாதம் கடற்கரைக்குப் போய்விட்டு வாருங்கள், இறங்கினால் தானாகக் குறையும், அப்புறம் பார்க்கலாம் என்றார். இங்கே வந்து எட்டு நாளில் தலைவலி விட்டது. எட்டு நாளாக எத்தனை மணி நேரம் தூங்குகிறேன் என்று சொன்னால் சிரிப்பாய். ஜூலை ஏழாம் தேதி கொச்சிக்கு டிக்கெட். கம்பெனியில் லே ஆபீஸும் தருகிறார்கள், களமசேரி ஆபீஸும் தருகிறார்கள். லே பதினோராயிரத்து ஐந்நூறு அடி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்கிறார் டாக்டர். அவர்கள் லேபில் ஆள் போதவில்லை என்றும் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேள்விப்பட்டதை எழுதுகிறேன்.

உன் ரிப்போர்ட் என் சட்டைப்பையில் இருக்கிறது. உன் பத்துக்கு என் பக்கத்திலிருந்து யாரும் யாருக்கும் போன் போடமாட்டார்கள். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்வதென்றால் நீயே சொல். மாத்திரை சாப்பிடு. மாடி ஏறும்போது மெதுவாக ஏறு.

நான் பார்த்த ஆட்களில் தன் தப்பைத் தானே இரண்டு முறை கண்டுபிடித்துச் சொன்ன ஆள் நீ ஒருத்திதான். முதல் தப்பைத் திருத்தியதோடு நீ நிறுத்தியிருந்தால் ஆவணியில் கல்யாணம் நடந்திருக்கும், மார்கழியில் நான் அங்கே மேலே விழுந்து கிடந்திருப்பேன். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதிவிடுகிறேன்.

மாரிச்செல்வம்


மட்டாஞ்சேரி
18 ஜூன் 2024

அத்தான்,

உறவுமுறைக்கு இப்படித்தான் கூப்பிட்டிருக்கவேண்டும். முதல் கடிதத்திலேயே எழுதி, கிழித்துவிட்டு, 'அவர்களுக்கு' என்று மாற்றினேன். இனிக் கிழிக்கமாட்டேன்.

உங்கள் கடிதத்தை லேபில் வைத்துப் படித்து அழுதேன். ரத்தம் கொடுக்க வந்த ஒரு சேட்டன், "எந்தா மோளே, எனக்கு அத்தர மோசமான ரிப்போர்ட்டா?" என்று, தனக்குத்தான் அவ்வளவு மோசமோ எனப் பதறிவிட்டார். இல்லை, இது என் ரிப்போர்ட், நல்லதுதான் என்றேன்.

சார் புதுப் படிவம் அச்சடித்துவிட்டார். வயதுக்கும் பாலினத்துக்கும் கீழே ஒரு கட்டம். 'வசிக்கும் ஊர், உயரம், எத்தனை நாளாக.' மட்டாஞ்சேரியில் இதை நிரப்பப் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாது. போன வாரம் ஒருவர் 'மூன்றாவது மாடி' என்று எழுதினார். ஆனால் நேற்று மூணாறு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்தாள். கட்டத்தைப் பார்த்ததும், "இதை எதுக்குக் கேக்கீங்க?" என்றாள். பத்து நிமிஷம் உட்காரவைத்துச் சொன்னேன். ஆங்மோ அம்மாவின் பெயரையும் சொன்னேன். கூட வந்த அவள் அக்காளையும் குத்தினேன்.

மாமா மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை அம்மாவைத் தானே லேபுக்குக் கூட்டிவந்தார். ஒன்பது புள்ளி ஒன்று, அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அன்றிலிருந்து தினம் பிராட்வேயிலிருந்து கீரைக்கட்டும் ஈரலுமாக வருகிறது. "எல்லாரும் தின்னுங்க" என்று வைத்துவிட்டுப் போகிறார். உங்கள் தலைவலி, இருபதரை, எதுவும் இங்கே ஒருவருக்கும் தெரியாது. நீங்களே வந்து சொல்லுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன். ஆவணி வேண்டாம், தை என்று நான் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டதற்கு, எனக்கு ரத்தம் ஏறவேண்டும் என்றேன். அது பொய் இல்லை.

ஆங்மோ அம்மாவிடம் என் எண்ணைச் சொல்லலாம். என்னுடையது என்று சொல்லிச் சொல்லுங்கள்.

வந்த அன்றைக்கே ஊசி எடுக்கமாட்டேன். மூன்று வாரம் கடற்காற்று வாங்கிய பிறகுதான்.

புதுப் படிவத்தில் என் பெயரை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சங்கரி, இருபத்தெட்டு வயது, ஹீமோகுளோபின் இப்போது 11.7. கட்டத்தில் 'மட்டாஞ்சேரி, ஒரு முழம்' என்று எழுதப்போனேன், பேனா நின்றுவிட்டது. பன்னிரண்டைத் தாண்டினால் லே ஆஸ்பத்திரி லேபுக்கு விண்ணப்பம் போடலாம் என்கிறார் சார். களமசேரி என்றாலும் எனக்குச் சம்மதம். அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அவசரப்படாமல் யோசித்து, நம் இரண்டு பேர் ரத்தத்துக்கும் ஒத்துவருகிற உயரமாகப் பார்த்து, நீங்களே எழுதிக் கொண்டுவாருங்கள்.

சங்கரி